பூந்தொட்டியில் காளான்: கண்ணில் படுவதை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வாட்ஸ்அப்பில் காளான் படங்கள் வரத் தொடங்கிவிடும். மாடித்தோட்டக்காரர்கள், வரவேற்பறையில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள், புதிதாக குரோ பேக் வாங்கியவர்கள் என்று எல்லோரும் அனுப்புவார்கள். கேட்பது இரண்டே கேள்விதான். செடி போய்விடுமா? சமைக்கலாமா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "போகாது" என்பதுதான் பதில். இரண்டாவதற்கு எப்போதுமே "கூடாது".

தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். வீட்டில் சின்னக் குழந்தையோ நாயோ இருந்தால் மட்டும் அடுத்த பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

## யாராவது வாயில் போட்டுவிட்டால்

எந்தக் காளான் என்று கண்டுபிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதிக் காளானை அடியோடு பெயர்த்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் அது வியர்த்துக் கூழாகி, அடையாளமே தெரியாமல் போய்விடும்.

மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி பேதி வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு முடிகிற வகை. ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கினால்தான் அதிகம் பயப்பட வேண்டும். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அப்படித்தான் தாமதமாக வெளிப்படும். நடுவில் ஒரு நாள் நன்றாகிவிட்டதுபோல் காட்டி, பிறகு படுக்க வைத்துவிடும். அதனால் "குழந்தை நல்லாத்தானே விளையாடுது" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. நாய் தின்றுவிட்டால் இதே வேகத்தில் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

கூடவே இன்னொன்று. வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்று சொல்வதெல்லாம் பொய். எதையும் நம்பிச் சட்டியில் போடாதீர்கள்.

## பறிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

பார்த்ததும் பிடுங்கி எறிவதுதான் எல்லோரும் செய்வது. ஒரு நிமிடம் பொறுத்து மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, குடைக்கு அடியிலிருந்து என்று மூன்று படம் எடுங்கள். எனக்கு வரும் படங்களில் முக்கால்வாசி மேலிருந்து எடுத்ததாகவே இருக்கும். அடிப்பக்கம் தெரியாமல் காளானைப் பற்றி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்து, அது எங்கிருந்து முளைக்கிறது என்று பாருங்கள். செடியின் தண்டிலிருந்து விலகி, வெறும் மண்ணிலிருந்து வருகிறதா? தண்டை ஒட்டி வருகிறதா? கட்டைத் துண்டிலிருந்தா? பாதி பதில் இதிலேயே கிடைத்துவிடும். மண்ணிலிருந்து வந்தால் அது மக்குகிற எருவைத் தின்கிறது. தண்டிலிருந்தே வந்தால் செடியைத் தின்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

குழப்பமான வகைகளுக்கு, குடையிலிருந்து உதிரும் வித்துத்தூளை வைத்துச் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது, செலவே கிடையாது. விரிந்த குடையைக் காம்பிலிருந்து நறுக்கி, பாதி வெள்ளை பாதி கறுப்பான காகிதத்தின் மேல், அடிப்பக்கத்து மடிப்புகள் கீழே பார்க்கும்படி வையுங்கள். மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் காகிதத்தில் படிந்திருக்கும் தூளின் நிறம்தான் நமக்கு வேண்டியது. டம்ளரைச் சமையலறைக்குத் திருப்பும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

## அறிகுறி 1: எலுமிச்சை மஞ்சளில் சிறிய குடைகள்

வீட்டுக்குள் வைத்த தொட்டியில் அதிகம் பார்ப்பது இதைத்தான். மணி பிளான்ட், அரிக்கா பாம், ஸ்நேக் பிளான்ட் என்று எந்தத் தொட்டியிலும் வரும். முதலில் மஞ்சள் மொட்டுப் போல நிற்கும். மறுநாள் மணி வடிவில் விரியும், அதற்கடுத்த நாள் துவண்டு விழுந்துவிடும். குடை இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலம் இருக்கும். விரலால் தொட்டால் மஞ்சள் மாவு ஒட்டும். விளிம்பில் வரிவரியாகக் கோடுகள், காம்பில் மெல்லிய வளையம், சற்றுப் பருத்த அடி. வித்துத்தூள் வெள்ளையாக விழும்.

பெயர் லூகோகொப்ரினஸ் பிர்ன்பாமியை. வெப்பநாட்டு வகையான இது பூந்தொட்டிகளில் ஏறி உலகம் முழுக்கப் போய்விட்டது. 1839-இல் இந்தப் பெயர் கிடைத்ததே பிராகா நகரத்துக் கண்ணாடிக்குடில் ஒன்றில் இதைக் கண்ட தோட்டக்காரரால்தான். அவர்தான் பிர்ன்பாம். சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டிவிடும். செடியை ஒன்றும் செய்யாது.

மண்ணைக் கிளறினால் மஞ்சள் உருண்டைகளும் இருக்கின்றனவா? பூச்சி முட்டை என்று மருந்து அடித்துவிடுகிறார்கள், அவசரப்படாதீர்கள். ஒன்றை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமே இல்லாமல் முழுக்க ஒரே மஞ்சள் சதையாக இருந்தால், இதே காளான் மண்ணுக்குள் சேமித்து வைத்திருக்கும் முடிச்சு. தோடு உடைந்து திரவம் வந்தால், நர்சரியில் கலந்துவிட்ட மெதுவாகக் கரையும் உரக் குருணை. பளபளப்பாக, கண்ணாடி போல் ஊடே தெரிந்தால் நத்தை முட்டை. நத்தை முட்டையை மட்டும் பொறுக்கி எறியுங்கள்.

என்ன செய்யலாம்? குழந்தை, நாய், பூனை எதுவும் இல்லாத வீடென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், அழகாகத்தான் இருக்கும். இருந்தால், குடை விரிவதற்கு முன் கையுறை போட்டுத் திருகி எடுத்துக் குப்பையில் போடுங்கள். பிறகு தண்ணீரைக் குறையுங்கள். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கலந்த தொட்டியில் மேல்மண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேலே வெளிறிப் போயிருக்கும், ஒரு விரல் ஆழத்தில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

## அறிகுறி 2: காலையில் சாம்பல் குடை, சாயங்காலம் கறுப்பு மை

மாட்டெரு போட்ட தொட்டி இது, கேட்கவே வேண்டாம். மெல்லிய நீளக் காம்பில் சாம்பலும் வெள்ளையுமான குடைகள் கூட்டமாக வரும். சில மணி நேரத்தில் விளிம்பிலிருந்து கறுத்து உருகி வழியும். மைக்காளான் வகை. எருவும் வைக்கோலும் சரியாக மக்காமல் தொட்டிக்குள் வந்துவிட்டன என்று அர்த்தம்.

காளானால் செடிக்குக் கெடுதல் இல்லை. மக்காத எருவால் உண்டு, அது மக்கும்போது சூடாகும், செடிக்கு வேண்டிய தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். கீழ் இலைகள் வெளிறுகின்றனவா என்று பாருங்கள். வெளிறாவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் தானே ஓயும். வெளிறினால் மேல் எருவை வழித்தெடுத்து, ஒரு மூலையில் குவித்து மக்கவிட்டு, மண்புழு உரம் போடுங்கள். அடுத்த முறை எரு வாங்கும்போது கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். சாண நாற்றம் போய் மண்வாசனை வந்திருந்தால்தான் அது தொழு உரம்.

## அறிகுறி 3: வெள்ளைக் குடை, மேலே செதில்

இங்கேதான் "இது நம்ம ஊர்ப் புற்றுக்காளான்தானே?" என்ற கேள்வி வரும். இல்லை. புற்றுக்காளான் கறையான் வளர்க்கிற காளான், புற்றோடு சேர்ந்துதான் வரும். கோகோபீட் தொட்டியில் அது முளைக்காது. கடையில் விற்கும் பால் காளானும் தானாக வந்து தொட்டியில் குடியேறுகிற வழக்கமில்லை.

குடை சிறியதாக, ஒடிசலாக இருந்தால்: மஞ்சள் காளானின் வெள்ளைச் சொந்தக்காரர்களில் ஒன்றாக இருக்கலாம். வித்துத்தூள் வெள்ளையாக விழும். மஞ்சளுக்குச் சொன்னதையே செய்யுங்கள்.

குடை உள்ளங்கை அளவோ அதற்கும் பெரிதாகவோ இருந்தால், மேலே பழுப்புச் செதில் இருந்தால்: வித்துத்தூள் சோதனையை அவசியம் செய்யுங்கள். தூள் மங்கிய பச்சையாக விழுந்தால் அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். புல்தரையில்தான் அதிகம், பெரிய தொட்டிகளிலும் புல் பதித்த மாடிகளிலும் எப்போதாவது தலைகாட்டும். இளசாக இருக்கும்போது அடி மடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும், முற்றிய பிறகுதான் பச்சை ஏறும். பார்க்கச் சாப்பாட்டுக் காளான் மாதிரியே வாட்டசாட்டமாக நிற்பதால் ஏமாந்து சமைத்துவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். பார்த்த அன்றே அடியோடு பெயர்த்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அக்கம்பக்கத்தில் யாரும் பறித்துப் போய்விடாமல் சொல்லியும் வையுங்கள்.

## அறிகுறி 4: சின்னச் சின்னப் பழுப்புக் குடைகள்

பெயர் தேடாதீர்கள். பழுப்பில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு, படத்தை வைத்துப் பிரிக்க ஆராய்ச்சியாளர்களே தயங்குவார்கள். மண்ணிலும் மரச்சீவலிலும் வரும் சிறு பழுப்புகளில் சிலவற்றில், நான் முதலில் சொன்ன கல்லீரல் நஞ்சே இருக்கிறது. எல்லாமே விஷம் என்று வைத்துக்கொண்டு எடுத்துப் போட்டுவிட்டு, கை கழுவுங்கள். செடிக்குப் பயமில்லை.

## அறிகுறி 5: குடையே இல்லாத விநோதங்கள்

பழுப்பு நிறத்தில் காது மடல் போலவோ கிண்ணம் போலவோ மண்ணோடு ஒட்டியிருந்தால் கிண்ணக் காளான். மண் ரொம்ப ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான குட்டிக் கிண்ணத்துக்குள் பருப்பு அளவில் சில வில்லைகள் கிடந்தால் அது பறவைக்கூட்டுக் காளான். மரச்சீவல், காய்ந்த குச்சி போட்ட தொட்டியில் வரும். மழைத்துளி கிண்ணத்தில் விழும் வேகத்தில் அந்த வில்லைகள் ஒரு மீட்டர் தூரம்கூடத் தெறிக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், தொடவிடாமல்.

ஒரே இரவில் மஞ்சள் நுரை பொங்கி மண்ணிலும் தொட்டி விளிம்பிலும் ஏறியிருந்தால், யாரோ வாந்தி எடுத்ததுபோல அருவருப்பாக இருக்கும். அது காளானே இல்லை, கோழைப்பூஞ்சணம் என்கிற வேறு உயிர். குழாயால் தண்ணீர் அடித்தால் இன்னும் பரவும். ஈரமாக இருக்கும்போதே கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். காயவிட்டால் தூளாகிப் பறக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

## அறிகுறி 6: மண்மேல் வெள்ளைப் படலம்

கவனமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். வெள்ளையாகத் தெரியும் நான்கு வேறு வேறு விஷயங்களில் மூன்று அற்பம், ஒன்று செடியைக் கொன்றுவிடும். எளியதிலிருந்து போவோம்.

அ) உப்பு. தொட்டால் மொறுமொறுவென்று இருக்கும், மண்தொட்டியின் வெளிச்சுவரிலும் பூத்திருக்கும். போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விடுங்கள், பொங்கினால் சுண்ணாம்பு உப்பு. பொங்காவிட்டால் வெந்நீரில் கரைகிறதா என்று பாருங்கள். கரைந்தாலும் உப்புதான். மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ அடியில் வழிந்தோடும் வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

ஆ) புண்ணாக்குப் பூஞ்சை. வேப்பம் புண்ணாக்கோ கடலைப் புண்ணாக்கோ மேலே தூவிய சில நாளில் பஞ்சு போலக் கிளம்பும். ஊதினால் அசையும். கிளறி மண்ணோடு கலந்துவிட்டால் போய்விடும். புண்ணாக்கை எப்போதும் மண்ணுக்குள் புதைத்துப் போடுவதுதான் முறை.

இ) வேர் மாவுப்பூச்சி. மேலே கொஞ்சம்தான் தெரியும். தொட்டியைச் சாய்த்து மண்கட்டியோடு செடியை வெளியே எடுத்தால், உட்சுவரிலும் வேரிலும் வெள்ளை மெழுகுத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். குச்சியால் நசுக்கினால் ஈரமாகக் கசியும். எறும்பு நடமாட்டமும் இருக்கும். வேரைத் தண்ணீரில் அலசி, பழைய மண்ணை அகற்றிப் புது மண்ணில் நட வேண்டும். பத்து நாள் மற்ற தொட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஈ) கழுத்தழுகல். வெள்ளை இழைகள் விசிறி போல விரிந்து, மண் மட்டத்தில் தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும். மண்ணை மெதுவாக விலக்கிப் பாருங்கள். தண்டின் தோல் பழுப்பாகி, நகம் பட்டால் வழுக்கிக்கொண்டு உரியும். அந்த இழைகளின் நடுவே கடுகு அளவில் உருண்டைகள் இருக்கும், முதலில் வெள்ளையாக, பிறகு கடுகின் நிறத்திலேயே. இந்தக் கடுகைக் கண்டுவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஸ்கிளெரோஷியம் ரோல்ஃப்சி என்ற பூஞ்சை இது. நிலக்கடலை, தக்காளி, மிளகாய் பயிரிடுகிறவர்களுக்குப் பழைய எதிரி. வெயிலும் ஈரமும் சேர்ந்து வந்தால் கொண்டாட்டம் அதற்கு.

முதலில் சொன்ன மஞ்சள் முடிச்சையும் இந்தக் கடுகையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பளிச்சென்ற மஞ்சள், மண்ணுக்குள் எங்கும் சிதறிக் கிடக்கும், செடி தெம்பாக இருக்கும். இது தண்டை ஒட்டியே இருக்கும், செடி துவண்டிருக்கும்.

தண்டைச் சுற்றி முழுக்க அழுகிவிட்டால் காப்பாற்ற முடியாது. செடியையும் மண்ணையும் சேர்த்துக் கவரில் கட்டி எறிந்துவிடுங்கள். கம்போஸ்ட் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அந்தக் கடுகுகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவிடுங்கள். நல்ல செடி ஒன்று பக்கத்தில் இருந்தால், தண்டை ஒட்டி மண் ஏறாமலும் இலைதழை குவியாமலும் பார்த்துக்கொண்டு, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் தூளை மக்கிய எருவில் கலந்து போட்டு வையுங்கள். இது தடுப்புதான், வந்த நோயைக் குணப்படுத்தாது. பல தொட்டிகளில் ஒரே நேரத்தில் கடுகு தெரிந்தால், கடைக்காரர் சொல்லும் மருந்தை வாங்கி அடிக்காமல் வேளாண் ஆட்களிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 7: காளானும் இருக்கிறது, செடியும் வாடுகிறது

எல்லோரும் காளான் மேல் பழி போடும் இடம் இது. பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றே, தண்ணீர் தேங்கியிருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறதா? கொட்டுங்கள். வடிகால் துளை அடைத்திருக்கிறதா? குச்சி விட்டுக் குத்துங்கள். அழகுக்கு வைத்த வெளித்தொட்டிக்குள் இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறதா? அதை வெளியே தூக்குங்கள். அடியில் ஒரு டம்ளர் நாற்றத் தண்ணீர் கிடைப்பது இந்த மாதிரி ஜோடித் தொட்டியில்தான். கூடவே சின்னக் கறுப்புக் கொசுக்கள் மண்ணிலிருந்து கிளம்பினால் ஈரம் அதிகம் என்பது உறுதி.

இது எதுவும் இல்லையென்றால் செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் கெட்டியாக இருக்கும். கெட்ட வேரை விரல்களுக்கிடையில் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறையாகக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். பாதிக்கு மேல் நல்ல வேர் என்றால் கெட்டதைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, புதுக் கலவையில் கொஞ்சம் சின்னத் தொட்டியிலேயே நடுங்கள். நல்ல வேரே இல்லையென்றால் மேலிருந்து தண்டு வெட்டிப் புதிதாக நடுவதுதான் வழி.

## அறிகுறி 8: மரத்தண்டில் தட்டுத் தட்டாகக் கெட்டிக் காளான்

பெரிய தொட்டியில் வளர்க்கும் மரம், வயதான போன்சாய், பனை வகைகள் ஆகியவற்றின் அடித்தண்டில் மரம் போலக் கெட்டியான தட்டு முளைத்தால், உள்ளே அழுகல் வெகுதூரம் போன பிறகுதான் அது வெளியே தெரிகிறது. பறித்தாலும் நோய் உள்ளேயே இருக்கும். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் பரவிய வாடல் நோய் கனோடெர்மா என்ற இப்படிப்பட்ட காளானால்தான், அதற்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம், நேராக நிபுணரைக் கூப்பிடுங்கள். முக்கியமாக அது மாடி விளிம்பிலோ நடைபாதைக்கு மேலோ நிற்கும் மரமாக இருந்தால், வாடகைக்கு ஆள் வைத்து வெட்டி இறக்கும் செலவுக்கும் தயாராக இருங்கள்.

## அறிகுறி 9: எத்தனை முறை பறித்தாலும் திரும்ப வருகிறது

வரத்தான் செய்யும். பறிப்பது குடையை மட்டும்தான், இழைகள் கலவை முழுக்க ஓடியிருக்கும். மக்கும் பொருள் தீரும் வரை மழைக்கு மழை தலைநீட்டும். தென்னை நார்க்கழிவை மக்கவைப்பதற்கே ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவோடு சிப்பிக்காளான் வித்தைத் தூவுவது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித்தந்த முறை. அப்படியிருக்கக் கோகோபீட் தொட்டியில் காளானே வரக்கூடாது என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

செலவில்லாத வழி, தண்ணீரைக் குறைத்து, காற்றும் வெளிச்சமும் படும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துவது. அடுத்து, மேல்மண்ணில் இரண்டு அங்குலம் எடுத்துவிட்டு ஆற்றுமணலும் செம்மண்ணும் கலந்து நிரப்புவது. அதற்கும் அடங்கவில்லை, வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது என்றால் மட்டும் முழு மண்ணையும் மாற்றுங்கள், வேரை அலசித்தான் நட வேண்டும். மாற்றினாலும் திரும்ப வராது என்று உத்தரவாதம் கிடையாது. அந்தத் தொட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது இதைவிட நிச்சயமான வழி.

பூஞ்சைக்கொல்லி வாங்காதீர்கள். கடையில் கொடுப்பார்கள், நீங்களும் ஊற்றுவீர்கள், மண்ணில் நல்லது செய்யும் பூஞ்சைகளும் சேர்ந்து அடிவாங்கும், அடுத்த மழைக்கு இந்தக் காளான் மறுபடி நிற்கும். கொதிநீர், பினாயில், உப்பு ஊற்றிச் செடியையே கொன்றவர்களும் உண்டு.

## யாரிடம் காட்டுவது

கழுத்தழுகல் பல தொட்டிகளுக்குப் பரவினாலோ, மரத்தண்டில் தட்டு வந்தாலோ, நிறைய காய்கறிச் செடிகள் காரணம் தெரியாமல் சாய்ந்தாலோ உதவி தேவை. கிசான் கால் சென்டர் எண் 1800 180 1551, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நேரில் காட்ட உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கின்றன. கோவைப் பக்கம் என்றால் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கே போகலாம்.

இலையை மட்டும் கிள்ளி எடுத்துப் போனால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேர், கழுத்து, அதைச் சுற்றிய ஒரு பிடி மண் எல்லாம் சேர்ந்து வேண்டும். செடியை நியூஸ்பேப்பரிலும் மண்ணைத் தனிக் கவரிலும் கட்டி, எடுத்த தேதி, எவ்வளவு நாளாக இப்படி, கடைசியாகப் போட்ட உரம் என்ன, எந்தத் தண்ணீர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பறித்த அன்றே கொண்டுபோய்விட்டால் நல்லது.